குளியல் தொட்டியில் ஒன்பது டிகிரி

– அதை எடுத்துட்டு வெளிய வா, லுபோர். எனக்குக் கை கழண்டு விழுது.

– எதை எடுக்கறது?

– உன் பீப்பாயைத்தான். தொட்டியில மீனை விடணும். பை பூரா தண்ணி, உள்ள நாலு கிலோ கெண்டை குதிக்குது.

– யிட்கா, ஒரு விஷயம் கேளு. இந்த பீர்ப் பீப்பாய் இன்னும் ஒரு வாரத்துக்கு இங்கருந்து அசையக் கூடாது.

– நல்லா இருக்கே! நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷமாச்சு. கிறிஸ்துமஸ் வந்தா இந்தத் தொட்டியில எது இருக்கும்? மீனா, பீப்பாயா?

– மீன்தான். ஆனா...

– ஆனாவும் இல்ல, ஊனாவும் இல்ல. எடு.

– இன்னிக்குத் தேதி பதினேழுதானே ஆகுது! இருபத்திரண்டுக்கு மேல வாங்கினாப் போதாதா?

– போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. கடைசியில என் விரல் நீளத்துக்கு ஒண்ணு கிடைச்சுது. இந்தத் தடவை சம்பந்தி வீட்டுக்காரங்க விருந்துக்கு வராங்க. சூப்புக்கு நல்ல பெரிய தலை வேணும். சதுக்கத்துல மீன்காரன் தொட்டியை இறக்கும்போதே நான்தான் முதல் ஆளா நின்னேன்.

– அதே சம்பந்திக்காகத்தான் நானும் இங்க முட்டி போட்டு உக்காந்திருக்கேன்.

– வேற எங்கயாவது வையேன் அதை.

– எங்க வைக்க? சொல்லு. எட்டாம் மாடி கான்கிரீட் வீடு. மொத்தக் கட்டிடத்துக்கும் ஒரே ஹீட்டர் குழாய், திருகினாலும் அடங்காது. சமையலறை இருபத்தி மூணு டிகிரி. சாமான் அறை இருபத்திரண்டு. பால்கனியில பூஜ்யம். அங்க வச்சா ஈஸ்ட் போர்த்திக்கிட்டுத் தூங்கிடும். பால்கனியெல்லாம் நொதிச்சு முடிஞ்சப்புறம் ரெண்டு மாசம் கிடக்கறதுக்குத்தான் லாயக்கு. நொதிக்கிற வரைக்கும் ஒன்பது டிகிரி வேணும். எட்டு ஆகாது, பன்னெண்டு ஆகவே ஆகாது.

– ஒரு மூணு டிகிரி கூடினா ஆகாசம் இடிஞ்சு விழுந்துடுமா?

– அக்டோபர்ல சாமான் அறையில வச்சு வடிச்சோமே, அது ஞாபகம் இருக்கா?

– எப்படி மறக்கும்? நம்ம பொண்ணு அபொலேனா நிச்சயதார்த்தத்துல ஊத்தினோம்.

– சம்பந்தி ஒரு வாய் குடிச்சார். நாப்பத்தொரு வருஷம் ஆலையில பீர் வடிச்ச மனுஷன். டம்ளரைக் கீழ வச்சார். என்ன சொன்னார்?

– விடு அதை.

– என்ன சொன்னார்?

– “வாழைப்பழம்”னார்.

– ஒரே வார்த்தை. சூட்டுல நொதிச்சா பீர்ல அந்த வாசனைதான் வரும். அதுக்கப்புறம் அன்னிக்குப் பூரா தண்ணிதான் குடிச்சார். நூல் பிடிச்ச மாதிரி மொத்த மேசையும் டம்ளரை ஒவ்வொண்ணா கீழ வச்சுது.

– மறுநாள் காலையில நீ நாப்பது லிட்டரையும் கக்கூஸ்ல ஊத்தினே. அழுதுக்கிட்டே ஊத்தினே.

– நான் ஒண்ணும் அழல.

– அழுதே. நான்தான் பார்த்தேனே.

– சரி, அழுதேன். போதுமா? அந்த மேசையிலயே நம்ம பொண்ணு எழுந்து நின்னு என்ன சொன்னா? “கல்யாணத்துக்கும் முதல் டம்ளர் எங்க அப்பா வடிச்சதுதான்”னா. என் மானத்தைக் காப்பாத்தறாளாம்!

– பாவம் குழந்தை. நீ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது அவளுக்குப் பொறுக்கல.

– பிப்ரவரி கடைசியில கல்யாணம். இது இப்ப நொதிச்சு முடிஞ்சு, ரெண்டு மாசம் குளிர்ல கிடந்தாத்தான் சரியா வரும். இது கெட்டா இன்னொண்ணு வடிக்க நாளே இல்ல. நூத்து இருபது பேர் முன்னாடி அந்த மனுஷன் மறுபடியும் டம்ளரைக் கீழ வைப்பார். அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறது?

– இப்ப எவ்வளவு காட்டுது?

– பன்னெண்டரை.

– ஐயோ. பன்னெண்டு ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னே!

– அதான் சொல்றேன். நொதிக்கும்போது அதுவே சூடு கிளப்பும். தொட்டித் தண்ணியில உறைஞ்ச பாட்டிலா போட்டுக்கிட்டே இருக்கேன், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வீட்ல இருந்தா சரி. பஸ் ஓட்டப் போற நேரத்துல யாரு போடறது? நேத்து ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வரேன், பதினாலு.

– லுபோர், மீன் வாயைத் திறந்து திறந்து மூடுது. இங்க பாரேன், பைக்குள்ளயே செத்துடும் போலிருக்கு.

– வாளியில போடு.

– நாலு கிலோ மீனை வாளியில போட்டா அது குளிக்கவா போகுது? நகரு. பீப்பாயும் இருக்கட்டும், மீனும் இருக்கட்டும். அதுக்கும் குளிர்ந்த தண்ணிதான் வேணும். சேர்ந்து கிடக்கட்டும் ரெண்டும்.

– மீனும் பீரும் ஒரே தொட்டியிலயா? சம்பந்திக்குத் தெரிஞ்சா...

– மூடிதான் இறுக்கமா இருக்கே, மீன் என்ன எட்டிப் பார்த்துக் குடிக்கவா போகுது? அந்தப் பாட்டில் எல்லாத்தையும் வெளிய எடு. இந்தா... மெதுவா... அம்மாடி! என் பாவாடையெல்லாம் நனைச்சுட்டான். இப்ப அந்தக் குழாயை நூல் மாதிரி திறந்து விடு.

– எதுக்கு?

– மூச்சு விட வேண்டாமா அது? எங்கப்பா எப்பவும் அப்படித்தான் விடுவார். சொட்டிக்கிட்டே இருக்கணும், நிரம்பினது மேல் ஓட்டை வழியாப் போயிடும்.

– தண்ணி வீணாகுதே.

– திறக்கறியா இல்லையா?

– திறக்கறேன், திறக்கறேன். இரு... யிட்கா! அந்தத் தெர்மாமீட்டரை எடு.

– எதுக்கு இப்படிக் கத்தறே?

– குழாய்த் தண்ணி எட்டு டிகிரி. எட்டு! ராத்திரி பகலா எட்டு டிகிரி தண்ணி நூல் மாதிரி விழுந்துக்கிட்டே இருந்தா பீப்பாய் என்ன ஆகும்?

– என்ன ஆகும்?

– ஒன்பதுல நிக்கும். பாட்டிலும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். நாலு நாளா நாய் படாத பாடு படறேன், இது எனக்குத் தோணவே இல்லையே!

– பல் தேய்க்கும்போது என் முதுகுக்குப் பின்னாடி நின்னு குழாயை மூடற ஆள் நீ. உனக்கு எப்படித் தோணும்?

– மீன் இருக்கட்டும். எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும்.

– இருபத்தி நாலு வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு. சரி, இப்ப நாம ரெண்டு பேரும் எங்க குளிக்கறது?

*

– மணி பதினொண்ணு. இன்னிக்குத் தேதி இருபத்தி நாலு. நேத்தே நடந்திருக்க வேண்டிய வேலை. லுபோர், காது கேக்குதா?

– கேக்குது.

– சுத்தியலை மேசை மேல வச்சிருக்கேன். பழைய துண்டும் இருக்கு. பீப்பாயைத் தூக்கி வெளிய வை, மீனைப் பிடி, அடி, எங்கிட்ட குடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.

– இப்ப பீப்பாயைத் தூக்க முடியாது.

– ஒரு வாரம்னு சொன்னே. வாரம் முடிஞ்சு போச்சு. நானும் தினம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மேல் மாடி குவாபிலோவா வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வரேன். லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் என் ஈரத் தலையைப் பார்த்துச் சிரிக்கறாங்க.

– ஒரு விஷயம் கேளு. கடைசிக் கட்டம்தான் ரொம்ப நாசூக்கானது. இங்க பாரு நோட்டை. பத்தொன்பதாம் தேதி, ஒன்பது. இருபது, ஒன்பது. இருபத்தொண்ணு, ஒன்பது. இருபத்திரண்டு, ஒன்பது. ஒரு புள்ளி ஏறல, ஒரு புள்ளி இறங்கல.

– பஸ் அட்டவணையைக்கூட நீ இவ்வளவு அழகா எழுதினதில்ல. ஆனா மூடி மேல இருக்கற குழாய்ல குமிழி வரலையே? முன்னாடியெல்லாம் குளியலறை பக்கம் போனாலே பொளக் பொளக்னு சத்தம் கேக்கும். ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்.

– அமைதிக் கட்டம். அந்த நேரத்துலதான் அசைக்கவே கூடாது.

– சரி, அசைக்காதே. பீப்பாய் இருந்த இடத்துலயே இருக்கட்டும். நீ கையை விட்டு மீனை மட்டும் பிடி.

– எப்படிப் பிடிக்கறது? வாலால ஒரு அடி அடிச்சான்னா பீப்பாயே கவுந்துடும். தண்ணி பாதி வெளிய கொட்டும். கொட்டினா சூடு ஏறும். ஏறினா வாழைப்பழம்.

– அட கடவுளே! நாலு கிலோ மீன் நாப்பது லிட்டர் பீப்பாயைக் கவுக்குமா?

– கல்யாண பீர் விஷயத்துல நான் எந்த ஆபத்தும் எடுத்துக்க மாட்டேன். உனக்கு நம்ம பொண்ணு கல்யாணம் முக்கியமா, வறுத்த மீன் முக்கியமா?

– எனக்கு ரெண்டும் முக்கியம். சாயங்காலம் ஆறு மணிக்கு சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து மேசையில உக்காருவாங்க. உருளைக்கிழங்கு சாலட் பண்ணியாச்சு. சூப்புக்குக் காய்கறி நறுக்கியாச்சு. மீன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? குளிச்சுக்கிட்டிருக்கு, வந்துடும்னு சொல்லட்டுமா?

– அந்த சாலட்டைக் குடு, நானே பால்கனியில வச்சுட்டு வரேன்.

– நான் வச்சுக்கறேன்.

– வேண்டாம், வேண்டாம். அங்க பனி உறைஞ்சு வழுக்குது. நீ விழுந்து வைப்பே. நான் வைக்கறேன்.

– என்ன இது, ரெண்டு நாளா ஒரே உபசாரமா இருக்கு? பிஸ்கட் டப்பாவை நீ வச்சே. முட்டைக்கோஸை நீ எடுத்துட்டு வந்தே. பால்கனிக் கதவைத் தொட விட மாட்டேங்கறே.

– பண்டிகை நாள்ல பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணக் கூடாதா?

– பண்ணலாம். சுத்தியலை எடுத்துப் பண்ணு.

– யிட்கா...

– என்னன்னு சொல்லு. உன் மூஞ்சியே சரியில்ல.

– இவ்வளவு வருஷமும் உங்கப்பாதானே அடிச்சார்.

– அவர் போய்ச் சேர்ந்துட்டாரே, லுபோர். வசந்தத்துலயே போயிட்டார். இனிமே இந்த வீட்ல நீதான். எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்கா என்ன? அந்தச் சுத்தியல்கூட அவரோடதுதான்.

– எனக்கும் அவரை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு.

– அப்ப போய் வேலையைப் பாரு. அது என்ன தொட்டி ஓரத்துல? ரொட்டித் தூளா?

– எங்க?

– இதோ. இதோ இங்கயும். பண்டிகை ரொட்டி மாதிரி இருக்கே, திராட்சைகூடக் கிடக்கு. நான் பூட்டி வச்ச ரொட்டி!

– நான்தான் காலையில ஒரு துண்டு சாப்பிட்டேன். தெர்மாமீட்டரைப் பார்த்துக்கிட்டே.

– இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடந்தா சுவத்துல தங்கப் பன்னிக்குட்டி தெரியும்பாங்களே, அதைப் பார்க்கப் போறேன்னு சொன்ன ஆள்தானே நீ?

– பசிச்சுது.

– நல்லாப் பசிச்சுது போ. மீனும் போன வாரத்தை விட இப்ப குண்டாத்தான் இருக்கு.

– தண்ணியில எல்லாமே பெருசாத் தெரியும். அலோய்ஸ் அதே நாலு கிலோதான்.

– யாரு?

– என்ன?

– அலோய்ஸ்னு சொன்னியே, அது யாரு?

– அது... பீப்பாய். பீப்பாய்க்கு அப்படி ஒரு பேர் வச்சிருக்கேன்.

– பீப்பாய் நாலு கிலோவா?

– வெறும் பீப்பாய்.

– பைத்தியம் பிடிச்சுப் போச்சு உனக்கு. நான் போய்... யாரது மணி அடிக்கறது? இந்த நேரத்துல யாரு? அட! சம்பந்தி! வாங்க, வாங்க. சாயங்காலம்தானே வரேன்னீங்க? சம்பந்தியம்மா எங்க?

– ஆறு மணிக்கு வருவா. சமையல்கட்டுல நிக்காதீங்கன்னு துரத்திவிட்டா. பஸ் இருந்துது. ஏறிட்டேன்.

– நல்லது பண்ணீங்க. லுபோர், சம்பந்தி வந்திருக்கார் பாரு! கோட்டைக் குடுங்க. காபி போடட்டுமா?

– அப்புறம். கல்யாண பீர் எங்க இருக்கு?

– சம்பந்தி, வணக்கம். பீரா? இன்னும் முடியல. பிப்ரவரியில பார்க்கலாமே.

– ம். இப்பப் பார்த்தா என்ன?

– நல்ல நேரத்துல வந்தீங்க சம்பந்தி. நீங்களே இவனுக்குச் சொல்லுங்க. மீனைப் பிடிக்க விட மாட்டேங்கறான். பீப்பாயைத் தொட்டா பீர் கெட்டுடுமாம். நீங்க பார்த்து, தூக்கலாம்னு சொல்லிட்டா எனக்கு சூப்பு வைக்க நேரம் இருக்கு. இந்தப் பக்கம், குளியலறையில.

– தொட்டியிலயா வச்சிருக்கீங்க?

– வேற வழி இல்ல சம்பந்தி. குழாய்த் தண்ணி எட்டு டிகிரி. விடாம விழுந்துக்கிட்டே இருக்கு. பீப்பாய் ஒன்பதுல நிக்குது.

– மீனோட சேர்த்து.

– மீனால தொந்தரவு எதுவும் இல்ல. மூடி இறுக்கமா இருக்கு. சொல்லப்போனா இந்தக் குழாயைத் திறந்ததே மீனுக்காகத்தான். அதுக்கப்புறம்தான் ஒன்பது நிலையா நின்னுது. அது வரலைன்னா எனக்கு வழியே தெரிஞ்சிருக்காது. என் பீரைக் காப்பாத்தினதே அவன்தான் சம்பந்தி.

– ஆகட்டும். மூடியைத் திறங்க.

– திறந்தா காத்துப் படும். கெட்டுப் போயிடும்.

– நாப்பத்தொரு வருஷம் திறந்துதான் பார்த்தேன்.

– வேண்டாம் சம்பந்தி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அப்புறமா...

– லுபோர், என்ன பயம் உனக்கு? அவர் பார்க்கட்டும். வாழைப்பழமா இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதுதானே! நூத்து இருபது பேர் முன்னாடி தெரியறதை விட இங்க மூணு பேருக்குள்ள தெரியட்டும். இந்தாங்க சம்பந்தி, கரண்டி.

– ம்.

– நான் கதவுகிட்டயே நிக்கறேன். உள்ள மூணு பேருக்கு இடம் இல்ல... என்ன, எப்படி இருக்கு?

– இன்னொரு வாய் பார்க்கறேன்.

– லுபோர், ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? சம்பந்தி, சொல்லுங்க. கெட்டுப் போச்சா?

– கெடல.

– வாழைப்பழ வாசனை?

– துளிகூட இல்ல.

– நிஜமாவா! நிறம்?

– தெளிவா இருக்கு.

– குளிர்ச்சி?

– ஒன்பது. சரியா ஒன்பது.

– அப்ப குத்தம் சொல்ல எதுவும் இல்லையா?

– இதுல யாராலயும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது, யிட்கா.

– கேட்டியா லுபோர்! கேட்டியா! கடவுளே, என் வயித்துல பாலை வார்த்தீங்க சம்பந்தி. அக்டோபர்லருந்து இவன் சரியாத் தூங்கறதே இல்ல. இப்ப சந்தோஷமா? இனிமே பீப்பாயை வெளிய எடுத்துடலாமில்ல? மீனை அடிக்கணும், நேரமாச்சு.

– எடுக்காதீங்க.

– என்ன?

– பீப்பாய் இங்கயே இருக்கட்டும். குழாயும் விழுந்துக்கிட்டே இருக்கட்டும். தொட்டியில யாரும் கை வைக்க வேண்டாம். புது வருஷம் கழியட்டும். அப்புறம் ஆத்துப் பக்கம் போகலாம்.

– ஆத்துக்கா? பீப்பாயைத் தூக்கிக்கிட்டா?

– மீனை எடுத்துக்கிட்டு.

– அப்ப ராத்திரி விருந்துக்கு?

– எனக்குக் கெண்டை ஆகாது. ஒரே முள்ளு. என் பொண்டாட்டியும் மரியாதைக்குத்தான் சாப்பிடுவா. பன்னிக்கறி இருக்கா?

– ஃப்ரீசர்ல இருக்கு. தட்டி, முட்டையில தோய்ச்சு வறுத்துடலாம். ஆனா சூப்பு...

– காளான் சூப்பு வைங்க. எங்க வீட்ல அதுதான் வழக்கம்.

– முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா! சதுக்கத்துல குளிர்ல அரை மணி நேரம் நின்னு வாங்கினேன். போகட்டும், பீர் நல்லா வந்துச்சே, அது போதும் எனக்கு. நான் போய்க் கறியை வெளிய எடுத்து வைக்கறேன். இந்தச் சுத்தியல் கறி தட்டவாவது ஆகும்.

– கதவைச் சாத்துங்க, சம்பந்தி.

– சாத்திட்டேன்.

– உங்க அலோய்ஸ் ரொட்டித் தூளை வாயில வச்சுக்கிட்டு நிக்கறான்.

– வாசல்லயே கேட்டுருச்சா உங்களுக்கு?

– நீங்க பேசினது லிஃப்ட் வரைக்கும் கேட்டுது. நாப்பத்தொரு வருஷமா ருசி பார்க்கறேன், இவ்வளவு சுத்தமான குழாய்த் தண்ணியை யாரும் எனக்குப் பீப்பாய்ல மூடி வச்சுக் குடுத்ததில்ல. பீர் பால்கனியிலதானே இருக்கு? ரெண்டு டம்ளரை எடுங்க.